கல்லாகிப்போன மண்ணைப் படிக்கும் வேலை

ஒடிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதியில் 1850-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இளைஞர்கள் சிலர் பொருந்தாத காட்சி ஒன்றைப் பார்த்தார்கள். மிக நுண்ணிய வண்டலுக்கு நடுவே பெரிய உருண்டைக் கற்கள் புதைந்து கிடந்தன. நுண்வண்டல் படிய வேண்டுமானால் நீர் கிட்டத்தட்ட அசையாமல் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட நீரால் அந்தக் கற்களைத் தூக்கி வந்திருக்க முடியாது. பனிக்கட்டிதான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று வில்லியம் பிளான்ஃபோர்ட், அவர் தம்பி ஹென்றி, வில்லியம் தியோபால்ட் மூவரும் 1856-ல் எழுதினார்கள். அந்தப் படிவின் வயது சுமார் 30 கோடி ஆண்டுகள் என்றும், அப்போது இந்தியா தென்துருவப் பக்கம் கோண்ட்வானாவோடு ஒட்டிக்கிடந்தது என்றும் பிறகுதான் தெரிய வந்தது.

இதே ஹென்றி பிளான்ஃபோர்ட்தான் திருச்சி, அரியலூர்ப் பகுதியின் கடற்படிவுகளை அளந்து வகைப்படுத்தியவர். 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. பாறையைப் படித்தவர் பருவமழையைப் படிக்கப் போனதில் எனக்கு வியப்பில்லை. இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். இன்று ஜியாலஜி படிக்கும், படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்குத் தொல்காலநிலை ஆய்வு என்ற இந்தத் துறையைச் சொல்லும்போது நான் தொடங்குவது இங்கிருந்துதான்.

வேலை என்ன? படிவுப்பாறைகளையும் அவற்றுக்கிடையே சிக்கிய பழைய மண்ணையும் வைத்து, அந்தக் காலத்தில் அங்கே எவ்வளவு மழை பெய்தது, ஆறு எந்தப் பக்கம் ஓடியது, காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா என்று கண்டுபிடிப்பது. இதில் நான் அதிகம் மதிப்பது தொல்மண்ணை. மணலும் வண்டலும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. மண் அப்படியல்ல. அது இருந்த இடத்திலேயே வெயிலிலும் மழையிலும் வேர்களிலும் உருவானது. ஆகவே அந்த இடத்தின் காலநிலைக்கு நேரடிச் சாட்சி.

ஒரு அடுக்கு தொல்மண்தானா என்று பார்க்க முதலில் வேர்த்தடத்தைத் தேடுங்கள். கீழே போகப் போகக் கிளைத்து மெலியும் குழாய்கள், சில இடத்தில் சாம்பல் நிறத்திலும் சில இடத்தில் சுண்ணாம்பு பூசியும் இருக்கும். அடுத்து, மேலிருந்து கீழாக நிறமும் இறுக்கமும் படிப்படியாக மாறுகிறதா என்று பாருங்கள். செம்மை என்றால் பெரும்பாலும் நீர் வடிந்த, காற்றோடிய மண். சாம்பலோ பச்சையோ என்றால் நீர் தேங்கிய மண். ஆனால் புதைந்த பிறகும் படிவு சிவக்கக்கூடும். நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.

கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. கோடையில் கரிசல் எப்படிப் பிளக்கும், மழை விழுந்ததும் எப்படி உப்பி மூடிக்கொள்ளும் என்பதைப் பாடம் படிக்காமலே அறிந்தவர்கள் அவர்கள். உப்பிச் சுருங்கும்போது களிமண் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து, அடியில் பளபளப்பான, கீறல் விழுந்த பரப்புகள் உண்டாகின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய களிப்பாறையில் இதே பரப்புகளைப் பார்த்தால், ஆண்டில் ஒரு பகுதி நனைந்தும் ஒரு பகுதி காய்ந்தும் கிடந்த நிலம் அது என்று சொல்லலாம்.

கரிசலுக்கு அடியில் கிடைக்கும் சுக்கான்கல்லும் அப்படித்தான். மண்ணிலுள்ள சுண்ணாம்பை முழுக்கக் கரைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு மழை இல்லாத இடங்களில், பெரும்பாலும் ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ.க்குக் கீழே பெய்யும் நிலங்களில், அது உருண்டை உருண்டையாகத் திரளும். மழை கூடக் கூட அந்த உருண்டைகள் இன்னும் ஆழத்தில் உருவாகும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெகரி ரெட்டாலக் இந்த ஆழத்திலிருந்து பழைய மழையளவைக் கணக்கிட ஒரு சமன்பாடே தந்தார். மண்ணின் மேற்பகுதி அரிக்கப்பட்டிருந்தாலும், புதைந்தபின் அழுந்தியிருந்தாலும் கணக்குத் தவறும் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரத்தை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளியுலகுக்குத் தெரிவித்த அந்த அடிமரம் 18 மீட்டர் நீளம். அதன் முன் நின்றதும் ‘இங்கே ஒரு காலத்தில் காடு இருந்தது’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் மரம் கிடப்பது கடற்படிவில். எங்கோ கரையில் நின்ற மரம் அடித்துவரப்பட்டுக் கடலில் அமிழ்ந்தது. அடிமரம் இடம்பெயரும், மண்ணுக்குள் கிளைத்த வேர்த்தடம் இடம்பெயராது. இந்த வேறுபாட்டை நேர்காணலில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த மாணவரை நான் உடனே கவனிப்பேன்.

காரை என்ற ஊரின் செம்மண் பள்ளத்தாக்குகளில் இன்னொரு பயிற்சி கிடைக்கும். களிமண் முழுக்க ஜிப்சத் தகடுகள் மின்னும். ஜிப்சம் என்றாலே வறட்சி என்று பாடநூல் சொல்லிக்கொடுத்திருக்கும். ஆனால் தகடு அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், அது படிவு உண்டான பிறகு விரிசலில் வளர்ந்தது. அதை வைத்து அன்றைய காலநிலையைச் சொல்ல முடியாது. எந்தத் தடம் எப்போது உண்டானது என்று பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலின் மையத் திறமை. கருவிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கருவியால் கிடைத்த எண்ணுக்கும் அதன் பொருளுக்கும் உள்ள இடைவெளிக்குச் சிவாலிக் படிவுகள் நல்ல எடுத்துக்காட்டு. பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியிலுள்ள அந்தப் படிவுகளில் ஜே குவேட், துரே செர்லிங், ஜான் போமன் மூவரும் தொல்மண்ணின் சுண்ணாம்பு உருண்டைகளில் கார்பன் ஐசோடோப்புகளை அளந்தார்கள். மரங்களும் குளிர்நிலப் புற்களும் ஒருவிதமாகவும், சோளம் கரும்பு வகைப் புற்கள் வேறுவிதமாகவும் கார்பனை எடுத்துக்கொள்கின்றன. அந்த வேறுபாடு மண்ணின் சுண்ணாம்பில் பதிந்துவிடுகிறது. சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முதல் வகை போய் இரண்டாம் வகைப் புல்வெளி பரவியதை எண்கள் காட்டின. ஆசியப் பருவமழை வலுத்ததன் அடையாளம் இது என்று 1989-ல் அவர்கள் எழுதினார்கள். சில ஆண்டுகளில் இதே மாற்றம் வேறு கண்டங்களிலும் தெரிந்தது. காற்றில் கரியமில வாயு குறைந்ததே காரணம் என்று செர்லிங் குழுவே 1997-ல் வாதிட்டது. விவாதம் தொடர்ந்தது. போட்வாரில் எடுத்த அளவீடுகள் மட்டும் அப்படியே நின்றன, இன்றும் பயன்படுகின்றன.

அதனால் குறிப்பேட்டில் இடப்பக்கம் பார்த்ததை எழுதுங்கள், வலப்பக்கம் நினைத்ததை எழுதுங்கள். அடுக்கின் தடிமன், நிறம் (மன்செல் அட்டையோடு ஒப்பிட்டு), மணியளவு, நீர்த்த அமிலம் விட்டால் நுரைக்கிறதா, மேல் எல்லை கூர்மையா மங்கலா – இவை இடப்பக்கம். ‘வெள்ளச் சமவெளி’ என்பது வலப்பக்கம். மாதிரி எடுத்த பையில் எண்ணும் ‘மேல்’ என்ற அம்புக்குறியும் இல்லாவிட்டால் அந்தக் கல்லுக்கு ஆய்வகத்தில் மதிப்பில்லை.

இனி படிப்பு. பி.எஸ்சி. ஜியாலஜி சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி போன்ற இடங்களில் உண்டு. எம்.எஸ்சி.க்குச் சென்னை, அண்ணாமலை, பெரியார் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஐ.ஐ.டி. வேண்டுமென்றால் ஜாம் தேர்வின் ஜியாலஜித் தாள். ஆராய்ச்சிக்கு நெட் அல்லது கேட். வேதியியலையும் புள்ளியியலையும் வெறுத்து ஒதுக்காதீர்கள், ஐசோடோப் வேலை முழுக்க அவற்றின்மேல் நிற்கிறது. நிரல்மொழியில் பைத்தானோ ஆர்-ஓ ஒன்று போதும், ஆனால் உருப்படியாகத் தெரிய வேண்டும்.

வேலைவாய்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். ‘தொல்காலநிலை ஆய்வாளர்’ என்ற பெயரில் நிரந்தரப் பணியிடங்கள் நம் நாட்டில் குறைவு. லக்னோவின் பீர்பல் சாஹ்னி தொல் அறிவியல் நிறுவனம், டேராடூனின் வாடியா நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் ஆகியவை முக்கியமானவை. அங்கே நுழைய முனைவர் பட்டமும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். வீட்டில் உடனே சம்பளம் தேவைப்படும் பிள்ளைகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒரு கால் ஆராய்ச்சியில், ஒரு கால் வேறு பணியில் வைப்பது தவறே அல்ல.

அந்த வேறு பணிகளுக்கும் இதே பயிற்சிதான் கைகொடுக்கும். யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த நிலவியல் அறிவியலாளர் தேர்வுக்கு முதுகலை வேண்டும், மூன்று கட்டம். அதன் முதன்மைத் தேர்வில் படிவியலும் தொல்லுயிரியலும் அடுக்கியலும் தனித்தனிப் பகுதிகள். தேறினால் நிலவியல் ஆய்வுத் துறையோ மத்திய நிலத்தடி நீர் வாரியமோ கிடைக்கும். நிலத்தடி நீர்த் தேடலில் மண்ணுக்குள் புதைந்த பழைய ஆற்றுப்போக்கைக் கண்டுபிடிப்பவருக்குத் தனி மதிப்பு. காவிரிப் படுகையில் துளையிடும் ஓ.என்.ஜி.சி. சில ஆண்டுகளில் கேட் மதிப்பெண் வழியாகவும் சில ஆண்டுகளில் தனித் தேர்வு வழியாகவும் ஆள் எடுக்கிறது, ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். துளைக் கிணற்றுத் தளங்களில் பாறைத்தூளைப் பரிசோதிக்கும் தனியார் நிறுவனங்கள் புதியவர்களையும் சேர்க்கும். அங்கே 12 மணி நேர ஷிஃப்ட் சாதாரணம். உடம்பு தாங்குமா என்று யோசித்துச் சேருங்கள்.

களப்பணிக்குச் சில நடைமுறைகள். அரியலூர்ச் சிமென்ட் சுரங்கங்கள் அடுக்குகளைத் திறந்து காட்டும் அருமையான இடங்கள், ஆனால் எழுத்துமூல அனுமதியும் தலைக்கவசமும் இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்காதீர்கள். கல்மரப் பூங்காவில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. ஓடைகளில் ஆடு மேய்ப்பவர்களிடம் முதலில் பேசுங்கள். எந்தக் கரை புதிதாகச் சரிந்திருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் காட்டிய இடமென்றால் ஆய்வறிக்கையில் அவர்கள் ஊருக்கு நன்றி எழுதுங்கள். பெண்கள் களத்துக்குப் போகும்போது தங்குமிடம், கழிப்பறை, துணை மூன்றையும் புறப்படுமுன்பே குழுத்தலைவரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கேட்கத் தயங்க ஒன்றுமில்லை. ஏற்பாடு செய்வது அவர் கடமை.

முனைவர் பட்ட வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்குமுன் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். மாதிரிகளை ஐசோடோப் ஆய்வுக்கு அனுப்பப் பணம் இருக்கிறதா, முடிவு வர எத்தனை மாதம் ஆகிறது, கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா – இந்த மூன்று கேள்வி போதும்.

கல்லூரியில் இருப்பவர்கள் இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். ஊரில் புதிதாகத் தோண்டிய கிணறு, வீட்டு அஸ்திவாரக் குழி, வற்றிய கண்மாயின் கரைவெட்டு, ஏதாவது ஒன்றில் ஒன்றரை மீட்டர் நெட்டுப்பரப்பைக் கொத்துக்கரண்டியால் சுத்தமாகச் செதுக்குங்கள். அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். வேர் எந்த ஆழம் வரை போகிறது, சுக்கான்கல் எங்கே தொடங்குகிறது, நிறம் எங்கே மாறுகிறது என்று பத்துப் பத்து சென்டிமீட்டராக எழுதுங்கள். பக்கத்து மழைமானி நிலையத்தின் ஆண்டுச் சராசரியையும் அருகில் குறியுங்கள். கரிசலில் ஒன்று, செம்மண்ணில் ஒன்று, வயல் வண்டலில் ஒன்று என மூன்று குழிகளின் குறிப்பும் வரைபடமும் கையில் இருந்தால், ஆய்வு நிறுவனங்களின் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது அவற்றையும் இணைத்து அனுப்புங்கள்.