மணி அடித்தால் யார் வருவார்?

உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டம். மாலை ஆறு மணிக்கே பனி இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியவில்லை. தோட்டத்து நடுவில் ஒரு வீடு. உள் அறையில் காயவைத்த ஏலக்காய் நான்கு மூட்டை இருக்கிறது. புற்றடி ஏலத்துக்குப் போக வேண்டிய காய். அந்த வீட்டின் கடனும் பிள்ளையின் படிப்பும் அந்த மூட்டைகளில்தான் இருக்கின்றன.

மறுவாரம் எல்லோரும் போடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். கதவுக்குப் பூட்டு போட்டால் போதுமா?

பூட்டு திருடனைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் யாரையாவது கூப்பிடுவது அலாரத்தின் வேலை. அலாரம் திருடனைப் பிடிக்காது. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்தால்தான் பயன்.

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு அலாரத்துக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853-இல் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மணி அடிக்கும். அதற்குக் கம்பி இழுக்க வேண்டும். இப்போது கம்பி இல்லாத அலாரம் கடைகளில் கிடைக்கிறது. சுவரை உடைக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்கும் லயத்து வீட்டுக்கும் இது வசதி.

அதில் என்னென்ன இருக்கும்? ஒரு பெட்டி. அதுதான் தலைவர். கதவில் மாட்ட இரண்டு சிறு துண்டுகள். ஒன்றில் காந்தம் இருக்கும். கதவு திறந்ததும் இரண்டும் விலகும். உடனே பெட்டிக்குச் செய்தி போகும். அறையில் மாட்ட ஒரு 'கண்' உண்டு. ஆள் நடந்தால் உடல் சூட்டை வைத்து அது கண்டுபிடிக்கும். கடைசியாக, ஊதுவதற்கு ஒரு சைரன்.

கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். மணி அடித்தால் யார் வருவார்?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை போன்ற ஊர்களில் தெரு நெருக்கமாக இருக்கும். அங்கே சைரன் மட்டும் போதும். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். மலைத்தோட்டத்தில் சைரன் ஊதினால் யார் காதில் விழும்? அங்கே சிம் கார்டு போடும் பெட்டி வேண்டும். அது போனில் கூப்பிடும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விலை குறைந்த பெட்டிகள் பல 2ஜி சிம்மில் மட்டும் வேலை செய்யும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அதனால் அந்த சிம்மைப் போட்டால் பெட்டி ஊமைதான். எந்த சிம் ஓடும் என்று கடையில் கேட்க வேண்டும். அந்த சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்துபோனாலும் பெட்டி கூப்பிடாது.

இந்த மலைகளுக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு வால்பாறையில், இதே போன்ற ஏற்பாடு மனித உயிரைக் காக்கிறது. அங்கே வருவது திருடன் அல்ல, யானை. அரிசி வாசனைக்கு வீட்டுச் சுவரையும் ரேஷன் கடையையும் இடித்துவிடும். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு 2011 முதல் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் சொல்லி வந்தது. உயரத்தில் சிவப்பு விளக்குகளையும் வைத்தது. அவற்றிலும் சிம் உண்டு. போனில் அழைத்தால் விளக்கு மின்னும். அந்தப் போன் ஊர்க்காரர் சிலரிடமே கொடுக்கப்பட்டது. பஸ்ஸிலிருந்து இறங்குபவர் விளக்கைப் பார்த்துவிட்டு இருட்டில் தனியாக நடக்க மாட்டார். இந்த வேலைக்காக ஆனந்தகுமார் என்பவருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. கருவியைவிட, ஊர் சேர்ந்து நின்றதுதான் அங்கே பெரிய விஷயம்.

சரி, வீட்டுக்கு வருவோம். எப்படி மாட்டுவது?

கதவு சாத்தியிருக்கும்போது காந்தத்துண்டும் மற்றதும் ஒரு விரல் அகலத்துக்குள் இருக்க வேண்டும். மழையில் மரக்கதவு ஊதும். இடைவெளி மாறும். அப்போது திருடன் இல்லாமலே ஊளையிடும். 'கண்'ணை அறை மூலையில் ஏழடி உயரத்தில் வைக்கலாம். வெயில் விழும் ஜன்னலையும் அடுப்பையும் பார்த்தபடி வைக்கக் கூடாது. பூனை நடந்தாலும் கத்தும். இரண்டு முறை பொய்யாகக் கத்தினால் மூன்றாவது முறை யாரும் வரமாட்டார்கள்!

பெட்டியை இரும்பு பீரோவுக்குள் ஒளிக்கக் கூடாது. இரும்பு செய்தியைத் தடுத்துவிடும். சைரன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கரண்டு போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டு வாங்க வேண்டும். ஐப்பசி இடிமழைக்குப் பிளக்கைக் கழற்றி வைத்தாலும் அந்த பேட்டரிதான் துணை. கம்பெனி போட்ட ரகசிய எண்ணை அன்றே மாற்றிவிட வேண்டும்.

பெட்டியில் யார் யார் எண்? முதலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர்தான் ஐந்து நிமிடத்தில் வரக்கூடியவர். அவரும் தனியாக உள்ளே நுழையக் கூடாது. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, 112-க்குப் போன் செய்ய வேண்டும். எல்லையில் பக்கத்து மாநில டவர் கிடைப்பதும் உண்டு. எனவே மாவட்டம், ஊர், வீட்டு அடையாளம் மூன்றையும் முதலிலேயே சொல்வது நல்லது.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் கேரள போலீசின் போல்-ஆப்பில் முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். போலீசார் ரோந்தில் அந்த வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள். போனில் பதியத் தெரியாவிட்டால் படித்த பிள்ளைகள் செய்து தருவார்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அந்தத் தோட்டத்து வீட்டில் சோதித்துப் பார்த்தார்கள். மகன் பின்கதவைத் தள்ளினான். சைரன் அலறியது. கீழ்த்தோட்டத்துக்காரர் போன் அடிக்கவில்லை. பெட்டியைச் சமையலறையிலிருந்து முன் ஜன்னல் பக்கம் மாற்றினார்கள். மறுபடியும் கதவைத் தள்ளினான்.

ஆறாவது நிமிடம், டார்ச் லைட்டோடு மூன்று பேர் மேட்டில் ஏறி வந்தார்கள்.