சொட்டுத் தெரியாமல் குறையும் ரேடியேட்டர் தண்ணீர்

நம் அன்பர்களில் ஒரே ஒரு லாரியை வைத்து, அதன் வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் தொம்மலூர், அல்சூர், விவேக்நகர் பக்கம் இன்றும் உண்டு. புது வண்டிக்கு வசதியில்லாமல் பழையதையே பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள். அவர்களை வாட்டும் ஒரு நோயைப் பற்றி எழுதும்படி சில நண்பர்கள் கேட்டனர். இன்ஜின் சூடேறுகிறது, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. நான் ரயில்வேயில் டீசல் இன்ஜின்களோடு காலம் கழித்தவன். ஆனாலும் தண்ணீரால் குளிரும் டீசல் இன்ஜின் என்ற முறையில் ரயிலும் லாரியும் அண்ணன் தம்பிதான்.

இந்த நோய்க்குப் பட்டறையில் கிடைக்கும் முதல் பதில், "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், இறக்கிடலாம்" என்பது. சில சமயம் அது உண்மை. பல சமயம் வெறும் ஊகம். ஹெட்டை இறக்கினால் கேஸ்கெட், கூலி, நான்கைந்து நாள் வாடகை எல்லாம் போகும். வண்டி நின்றாலும் கடன் தவணை நிற்காது. ஆகவே தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள்.

முதலில் கணக்கு. டபிள்யூ.டி.எம்-2 என்ற டீசல் ரயில் இன்ஜின் 1962இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1964 முதல் வாரணாசியில் தயாரானது. அதில் தண்ணீர் மட்டம் குறைந்தால் ஒரு ஸ்விட்ச் இன்ஜினையே நிறுத்திவிடும். லாரியில் அந்தக் காவலாளி இல்லை, நீங்கள்தான் காவல். "அடிக்கடி ஊத்துறோம்" என்றால் எங்களுக்குப் பயன்படாது. எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு? காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரே அடையாளம் வரை, அளவுள்ள பாட்டிலால் ஊற்றுங்கள். லிட்டர், கிலோமீட்டர், பாரம், போன வழி ஆகியவற்றை ஒரு நோட்டில் ஒரு வாரம் எழுதுங்கள். கழுத்து வரை நிரப்பும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். 20 லிட்டர் தண்ணீர் சூடாகி விரியும்போது அரை லிட்டருக்கு மேல் வெளியே தள்ளும். அது ஒழுக்கு அல்ல, ஆனால் அதை ஒழுக்கு என்று எண்ணி மறுநாளும் கழுத்து வரை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே சூடேறுகிறது என்பதும் முக்கியம். சேலத்திலிருந்து பாரத்தோடு திரும்பும் வண்டிக்குத் தொப்பூர் ஏற்றமும், கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் வரையிலான ஏற்றமும் நல்ல பரீட்சை. மெதுவாக ஏறும்போது மட்டும் முள் ஏறினால் ஃபேன் பெல்ட்டையும், ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தில் அடைந்த தூசி, பூச்சி, வைக்கோலையும் பாருங்கள். சமதரையில் வேகமாக ஓடும்போதும் ஏறினால் ரேடியேட்டரின் உள்குழாய்கள் அடைத்திருக்கலாம். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று இறங்கினால் மட்டும் மகிழ்ச்சி அடையாதீர்கள். தண்ணீர் தீர்ந்து, வெப்பமானியின் முனை வெறுமையில் நிற்கிறது என்று பொருள். அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் நன்றாயிருந்த ஹெட்டும் வெடிக்கும். சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களும் உண்டு. கிளீனர் பையனுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது அந்த மூடி. பெங்களூர் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் கொதிநிலை 109 டிகிரி அளவுக்கு உயரும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ இந்தப் பன்னிரண்டு டிகிரி போயிற்று. தண்ணீர் ஆவியாகவும் சாரலாகவும் வழிகுழாய் வழியே சாலையெல்லாம் போகும், வண்டி நின்ற இடத்தில் ஈரமே இருக்காது. ஜே.சி. ரோட்டில் வாங்கும்போது பழைய மூடியில் அச்சிட்ட அழுத்தத்தையே கேட்டு வாங்குங்கள்.

வெளி ஒழுக்கைத் தேட ஓடி வந்த சூட்டில் பார்ப்பது வீண். சொட்டு விழுமுன் காய்ந்துவிடும். இரவில் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, விடியலில் டார்ச்சுடன் பாருங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கோடும், கூலன்ட் காய்ந்த பச்சைக் கோடும் காட்டிக் கொடுக்கும். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அங்கேதான் கசியும். ஒழுக்கை நிறுத்துவதாக அதை எம்-சீல் வைத்து அடைத்திருந்த வண்டியை நானே பார்த்திருக்கிறேன்! அடைத்தால் தண்ணீர் பேரிங்கில் இறங்கிப் பம்ப்பே போய்விடும்.

வெளியே ஒன்றும் இல்லையென்றால் ரேடியேட்டர் கழுத்தில் கைப்பம்ப்பை மாட்டி, மூடியின் அழுத்தம் வரை மட்டும் காற்றேற்றி, கால் மணி நேரம் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கி, வெளியிலும் ஈரமில்லை என்றால் தண்ணீர் இன்ஜினுக்குள் போகிறது.

இங்கே பெரும்பாலோர் மறக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஏர் பிரேக் உள்ள பல லாரிகளில் காற்றுக் கம்ப்ரசரின் தலையும் இன்ஜின் தண்ணீரால்தான் குளிர்கிறது. அதன் சிறு கேஸ்கெட் போனால் அழுத்தக் காற்று தண்ணீருக்குள் புகுந்து, ரேடியேட்டரில் குமிழி விட்டு, தண்ணீரை வெளியே தள்ளும். பார்ப்பவர் ஹெட் கேஸ்கெட் என்றே சத்தியம் செய்வார். எங்கள் பகுதி அன்பர் ஒருவரின் பழைய ஆறு சிலிண்டர் வண்டிக்கு ஒரே ஆண்டில் இருமுறை ஹெட் இறக்கியும் தண்ணீர் குறைந்தது. காற்று டேங்கைக் காலி செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அழுத்தம் ஏறும் வரை ரேடியேட்டரில் குமிழி. டேங்க் நிரம்பிக் கம்ப்ரசர் ஓய்ந்ததும் குமிழியும் ஓய்ந்தது. கம்ப்ரசர் கேஸ்கெட்டை மாற்றியதோடு வேலை முடிந்தது. காற்று டேங்கின் வடிகாலில் ஈரக்காற்றின் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் வரும், அதை வைத்து முடிவு செய்யக்கூடாது. கூலன்ட் நிறத்தோடு வந்தால் சந்தேகமே இல்லை.

கம்ப்ரசர் ஓய்ந்த பின்பும் குமிழி தொடர்ந்தால், அல்லது ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், எரிவாயு தண்ணீருக்குள் வருகிறது. ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். நீலத் திரவம் மஞ்சளாகும் ரசாயனச் சோதனையும் உண்டு. ஆனால் டீசலில் சும்மா ஓடும்போது கரியமிலவாயு குறைவு. ஆகவே நிறம் மாறவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது வழி சம்ப். இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் சம்ப் பிளக்கை மெல்லத் தளர்த்தினால், எண்ணெயில் தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். சிறிய அளவானால் ரயில்வே ஷெட்டில் நாங்கள் செய்த சோதனை, சூடான தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய். தண்ணீர் இருந்தால் தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போலப் படபடக்கும். (வீட்டுத் தோசைக்கல்லில் வேண்டாம், அம்மணிகள் என்னைத்தான் திட்டுவார்கள்.) எண்ணெய் பால் டீ நிறமானாலோ, டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறினாலோ வண்டியை ஓட்டவே கூடாது. பேரிங்குகள் போய்விடும். ஆயில் கூலர், லைனரின் கீழே உள்ள ரப்பர் வளையங்கள், லைனரின் சுவரிலேயே ஊசித்துளை என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். சம்ப்பைக் கழற்றி, தண்ணீருக்கு அழுத்தம் கொடுத்து, கீழிருந்து பார்த்தால் எந்த சிலிண்டர் என்று தெரிந்துவிடும்.

அந்த ஊசித்துளை வரக் காரணம், லைனர் அதிர்ந்து அதன்மேல் குமிழிகள் உடைந்து இரும்பை அரிப்பது. அதற்காகவே ரயில் இன்ஜின் தண்ணீரில் ஒரு காலத்தில் குரோமேட் உப்பு கலந்தோம். அது நஞ்சு என்பதால் பின்னர் நைட்ரைட்-போரேட் கலவை வந்தது. லாரிக்காரர்கள் ஊற்றுவதோ போர்வெல் தண்ணீர்! அதன் சுண்ணாம்பு, குழாயில் படிந்து சூட்டை வெளியே விடாது. பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரும், கனரக டீசலுக்கு உரிய கூலன்ட்டும் சேர்த்து ஊற்றினால் போதும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் ஒரு வழக்கம். சில இன்ஜின்களில் அது பக்கவழியை மூடும் வேலையும் செய்கிறது. எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே சுற்றி இன்னும் சூடேறும். பாத்திரத்துத் தண்ணீரில் வெப்பமானியோடு போட்டுக் காய்ச்சிப் பாருங்கள். அதில் பொறித்த டிகிரியை ஒட்டித் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது போடுங்கள். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது சரக்கை இறக்கி ஊர் வந்து சேரும் வரைக்கும்தான். நாள்பட விட்டால் நுண்குழாயை அடைக்கும்.

எல்லாம் பார்த்து ஹெட்தான் என்று உறுதியானால், எதிரில் நின்று செய்யச் சொல்லுங்கள். நேர்கோல் வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைனர்கள் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நிற்கின்றன என்றும் அளக்க வேண்டும். அது தவறாக இருந்தால் புது கேஸ்கெட்டும் நிற்காது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, டார்க் ரெஞ்சால் பல சுற்றாக இறுக்க வேண்டும். மறுபடி இறுக்கக் கையேடு சொன்னால் அந்தக் கிலோமீட்டரில் தவறாமல் கொண்டு போங்கள். தண்ணீரை மெல்ல ஊற்றி, காற்றை வெளியேற்றி, பழைய நோட்டிலேயே புது வாரத்துக் கணக்கைத் தொடங்குங்கள்.