சுற்றியும் புறப்படாத டீசல் எஞ்சின்

மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது முதல், டெல்டாப் பாசனத்திற்கு ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பதே முறையாகக் கருதப்பட்டு வருகிறது. அத்தேதி தவறிய வருஷங்களும் பல. ஆற்றுநீரை எதிர்பாராமல் குறுவை நாற்று விடும் தஞ்சைக் குடியானவருக்கு ஆழமில்லாத பில்டர் பாயிண்டுக் கிணறே துணை. மின்சார மோட்டார் பெருகிய பின்னும் பழைய டீசல் எஞ்சினைக் கைவிடாதவர் உண்டு. வாய்க்காலில் நீர் ஓடும் மாதங்களில் அது கொட்டகையில் சும்மா கிடக்கும். வைகாசியில் நாற்றங்கால் வெடிக்கும் சமயத்தில் ஹாண்டிலைச் சுற்றினால் சக்கரம் சுழலும், எஞ்சின் புறப்படாது. உடனே ஹெட்டைக் கழற்றுவது பெரும்பிழை.

பெட்ரோல் காரானால் மின்பொறி உண்டாகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். டீசல் எஞ்சினில் பொறிக்கு வேலையில்லை. 1890களில் ருடால்ப் டீசல் வகுத்த தத்துவப்படி, சிலிண்டரில் நெருக்கப்படும் காற்று, ஓடும் எஞ்சினில் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அதில் தூவப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளுகிறது. ஆகவே, டீசல் வருகிறதா, காற்று நெருங்குகிறதா என்னும் இரண்டே கேள்விகள்.

சுற்றும்போது புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்தே ஹாண்டிலைப் பிடிக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்துத் திரும்பினால் கை முறியக்கூடும். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே சேர்ந்தும் பற்றவில்லை. புகையே இல்லையேல் டீசல் சேரவில்லை. பெரும்பாலும் குற்றம் இங்கேதான்.

நிறுத்தும் லீவர் நிறுத்திய நிலையிலேயே இருக்கலாம். பழகியவரும் இதில் ஏமாறுவதுண்டு. தண்ணீர் டீசலைவிடக் கனமானதாகையால் டாங்கின் அடியில் தங்கும். அதை முதலில் வடித்துவிட வேண்டும். டாங்கு ஒருமுறை வறண்டு மறுபடி நிரப்பப்பட்டிருந்தால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். காற்று அமுங்கிக் கொடுப்பதால், பம்பு எவ்வளவு தள்ளியும் நாசிலில் டீசல் தூவாது. பில்டரின்மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் தெளிவாக வழிந்த பின் இறுக்குக. டீசல் பம்பிலும் அவ்வாறே செய்க. வழிவது மெலிந்தால் பில்டர் அடைத்திருக்கும், அல்லது டாங்கு மூடியின் சிறு துளை மண்ணால் மூடியிருக்கும். சரியானபின் சுற்றினால் நாசிலில் 'கிர்' என்ற ஓசை கேட்கும். நாசிலைக் கழற்றிப் பார்ப்பவர் அதன்முன் கையை நீட்டலாகாது. அத்தாரை தோலைத் துளைத்து உட்புகும். வெளியே சிறு புள்ளியாகவே தோன்றினாலும் விரலை இழக்க நேரிடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

ஓசை கேட்டும் புறப்படாவிடில் காற்றின் வழியைப் பார்க்க வேண்டும். ஏர் பில்டரில் வைக்கோல் தூசியோ, புகைபோக்கியில் குளவிக்கூடோ இருக்கலாம். பிறகு, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல் ஹாண்டிலை மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் பலமாக முட்ட வேண்டும். முட்டாமல் சுழன்றால் காற்று கசிகிறது. காற்று புகும் வழியில் சில சொட்டு எஞ்சின் ஆயில் மாத்திரம் விட்டுத் திருப்புக. முட்டு பலப்பட்டால் பிஸ்டன் ரிங்கு தேய்ந்திருக்கும். பலப்படாவிடில் வால்வு சரியாக மூடவில்லை என்று கருதலாம்.

இவ்விரண்டும் மெக்கானிக்கின் வேலை. அவர் வரும்வரை அண்டை நிலத்தார் எஞ்சினிலிருந்து நாற்றங்காலுக்கு ஒருவேளை நீர் வாங்கிப் பாய்ச்சுவது நலம்.