உறங்கும் கிருமியும் ஆறு மாத மருந்தும்



மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்த பிறகு கல்லாவில் உட்கார்ந்தவன் நான். வைத்திய விஷயம் எழுத இவனுக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். அந்த விஷயத்தில் ஒரு தவறு செய்தவன் என்பதே என் தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் செர்டாங்கில் என் கடையில் வேலை பார்த்த ஒரு தம்பிக்குக் காசநோய் கண்டது. ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. மூன்றாம் மாதம் பெருநாள் வியாபாரம் வந்தது. "முதலாளி, மாத்திரைக்குப் போகணும்" என்றவனிடம், "அதான் நல்லாயிட்டியேப்பா, பெருநாள் கழியட்டும்" என்று சொன்னேன். பெருநாள் கழிந்தது. அவனும் மறந்தான், நானும் மறந்தேன். எட்டு மாதம் சென்று அவன் சளியில் இரத்தம் கண்டது.

மறுபடியும் சோதித்த டாக்டர், "கிருமி மாறவில்லை, பழைய மருந்துக்கே சாகும்" என்றார். அப்படியானால் முதல் தடவை அது சாகாமல் தப்பியது எப்படி? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேட்டும் படித்தும் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

மருந்திலிருந்து கிருமி தப்புவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கிருமியின் இயல்பே மாறி, மருந்து இருக்கும்போதே வளருவது. இதை மருந்து எதிர்ப்பு என்பார்கள். அதன் சந்ததி முழுவதற்கும் அந்த எதிர்ப்பு இருக்கும். இரண்டாவது, இயல்பு மாறாமலே, வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கிக் கிடப்பது. நம் தம்பியின் விஷயம் இந்த இரண்டாவது வகை.

இதை முதலில் விளங்கச் சொன்னவர்களில் ஒருவர் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து ஜோசப் பிகர். 1944-இல் அவர் சீழ் உண்டாக்கும் கிருமிகள்மேல் பென்சிலினை இட்டுப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாம் செத்தன. பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் சில மட்டும் மிஞ்சின. மிஞ்சியவற்றை வளர்த்து மறுபடியும் பென்சிலின் இட்டபோது, முன்போலவே பெரும்பாலானவை செத்துச் சில மிஞ்சின. ஆகவே அவை பலசாலிக் கிருமிகள் அல்ல. பதுங்கிய கிருமிகளே என்று கண்டார்.

பதுங்கினால் மருந்து ஏன் பலிக்கவில்லை? வளரும் கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ளுகிறது. பென்சிலின் அந்தச் சுவர் வேலையைக் கெடுத்துத்தான் கொல்லுகிறது. சுவர் வேலையையே நிறுத்திவிட்ட கிருமியை அது என்ன செய்யும்? பூட்டிய கடையில் ஏமாற்றுக்காரனுக்கு என்ன வேலை!

தோட்டப்புறத்தில் லாலாங் புல்லைப் பார்த்திருப்பீர்கள். மேலே அறுத்தாலும் தீயிட்டாலும், மண்ணுக்குள் கிடக்கும் தண்டு பிழைத்து மறுபடியும் முளைவிடும். முளைத்து வருவது புதுவகைப் புல் அன்று. அதே அரிவாளுக்கு அறுபடும் அதே புல்தான். 2004-இல் நத்தாலி பலபான் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் நுண்பெருக்கியின் கீழ் இதை நேரிலேயே கண்டார்கள். மருந்து இடுவதற்கு முன்பே சில கிருமிகள் வளராமல் கிடந்தன, தப்பியவையும் அவைதான். சில புற்றுநோய் உயிரணுக்களும் இவ்விதம் பதுங்கி மருந்துக்குத் தப்புவதை 2010-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

காசநோய்க் கிருமி இந்தப் பதுங்கலில் மிகவும் தேர்ந்தது. முதல் சில நாட்களிலேயே வேகமாக வளரும் கிருமிகளில் பெரும் பகுதி மடிந்துவிடுகிறது. சில வாரங்களில் இருமலும் குறைகிறது. மிச்சமுள்ள மாதங்களெல்லாம் பதுங்கியிருக்கும் சிலவற்றுக்காகவே. அவ்வப்போது கண் விழிப்பவற்றை ரிஃபாம்பிசின் கொல்லுகிறது என்றும், புளிப்பான இடங்களில் ஒளிந்தவற்றைப் பைராசினமைடு கொல்லுகிறது என்றும் டெனிஸ் மிட்சிசன் என்ற அறிஞர் விளக்கினார். இவ்விரு மருந்துகளின் துணையால்தான் ஓராண்டுக்கும் மேல் நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது.

இந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே டாக்டர் வாலஸ் ஃபாக்ஸும் கூட்டாளிகளும் 193 ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டில் வைத்தியம் பெற்றதனால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. ஆனால் ஒரு குறை கண்டார்கள். உடம்பு தேறியதும் சிலர் மருந்தை விட்டுவிட்டார்கள். சிறுநீர்ச் சோதனை அதைக் காட்டிக்கொடுத்தது. பக்கத்தில் ஒருவர் இருந்து மருந்தை விழுங்கச் செய்யும் முறை இத்தகைய அனுபவத்திலிருந்தே வளர்ந்தது.

ஆகவே, கடை நடத்தும் நாம் செய்ய வேண்டியவை சில உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் சிப்பந்தியைக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். நோய் என்று தெரிந்தால் ஊருக்கு விரட்டாதீர்கள். தொற்றாது என்று டாக்டர் சொல்லும்வரை ஓய்வு கொடுத்து, அவன் இடத்தை அவனுக்கே வைத்திருங்கள். வேலை போய்விடும் என்று பயப்படுகிறவன்தான் நோயை மறைப்பான்.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம். அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நோன்பு மாதத்தில் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால், பதுங்கிய கிருமி பெருகி, அதிலிருந்து முதல் வகையான எதிர்ப்புக் கிருமியும் கிளம்ப இடமுண்டு.

மற்ற நோய்களுக்கும் டாக்டர் சொன்ன நாள்தான் கணக்கு. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த மாத்திரையை ஆளுக்கு நாலாகப் பங்கிடுவது உதவி ஆகாது.

அந்தத் தம்பி முதலிலிருந்து மறுபடியும் தொடங்கி, முழுதும் சாப்பிட்டுத் தேறினான். இம்முறை தினமும் கடை திறக்குமுன் நானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அவன் விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தேன். பெருநாள் கூட்டத்தன்றும் அப்படியே. கூட்டம் கொஞ்ச நேரம் வெளியே நின்றது. வியாபாரம் ஒன்றும் குறைந்துபோகவில்லை.