மோட்டாரும் வடமும்

கிராமக் கைத்தொழிலின் மேன்மையை எடுத்துரைத்த ஜே. ஸி. குமரப்பா தம் பிற்காலத்தில் தங்கி வாழ்ந்தது, 1940-ஆம் ஆண்டில் டி. கல்லுப்பட்டியில் நிறுவப்பெற்ற காந்தி நிகேதனிலாகும். அவ்வூரினராகிய யாமும் எம் தமையனாரும் சென்ற கோடை விடுமுறையில், மரம் செதுக்கும் ஸி. என். ஸி. யந்திரம் ஒன்றை வீட்டிலேயே அமைத்தோம். கணிப்பொறியின் கட்டளைப்படி மோட்டார்கள் உளியை நகர்த்துவதே அதன் இயல்பு.

ஊர்ப் பள்ளிக்கென முதற் பெயர்ப்பலகை செதுக்கினோம். பாதியில் உளி தடம் மாறிற்று. ககரத்தின் தலைமேல் நிற்கவேண்டிய புள்ளி அடுத்த எழுத்தின்மேல் ஏறிற்று. தேக்குப்பலகை பாழாயிற்று. மோட்டாரில் குற்றமில்லை, யாம் பூட்டிய கம்பியே உறைக்குள் முறிந்து, தொட்டும் விட்டும் நின்றது. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுழல்வது. சில படிகள் தவறினும், அத்தவற்றைக் கணிப்பொறி அறியாது. ஆதலின், வடத்தைத் தெரிந்தெடுக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, இழை. சுவருக்குள் பதிக்கும் ஒற்றைக் கம்பி அசையாது கிடத்தற்கே உரியது. ஓயாது வளைந்து நிமிரும் இடத்திற்கு நுண்ணிய செப்பிழைகள் பல சேர்ந்த வடமே வேண்டும். தேர்வடமும் பல புரிகளால் ஆயதன்றோ? அதனையும் கூர்மையாக மடிக்காது, இரு முனைகளிலும் இறுகப் பிணித்தல் வேண்டும்.

இரண்டாவது, பருமன். 0.75 சதுர மில்லிமீட்டர் செப்பு வடத்தின் தடை மீட்டருக்குச் சுமார் 0.026 ஓம். நான்கு மீட்டர் வடத்தில் மின்சாரம் போய்வரும் வழி எட்டு மீட்டர். அதில் 3 ஆம்பியர் ஓடினால் இழப்பு ஏறக்குறைய 0.6 வோல்ட்டே, 36 வோல்ட் யந்திரத்திற்கு இஃது அற்பம். ஆகவே, பருமனைக் கூட்டுவதினும் நெகிழ்ச்சியை நாடுவதே நன்று.

மூன்றாவது, கவசம். மோட்டாரை இயக்கும் டிரைவர் மின்சாரத்தை மிக விரைவாக விட்டு நிறுத்துவது. அதனால் எழும் இரைச்சல் எல்லைச் சுவிட்சின் கம்பியுட் புகுந்து பொய்க்குறி காட்டும். பின்னற் கவசமுள்ள வடத்தைக் கொண்டு, கவசத்தை டிரைவர் பக்கத்தில் நிலத்தொடு இணைக்க. சுவிட்சுக் கம்பியை விலக்கிச் செலுத்துக.

நான்காவது, கனெக்டர். இரு சுருள்களுக்கு நான்கு முனைகள் போதும். அதிர்வில் கழலாதபடி திருகிப் பூட்டும் வகையே சிறந்தது. மின்சாரம் வரும் பக்கத்தில் துளையுள்ள பாதியை வைத்தால், கழற்றியபோதும் கை முனையைத் தொடாது. வீட்டு மின்சார பிளக்கை ஒருபோதும் இதற்கு வழங்கலாகாது; அறியாதார் 230 வோல்ட்டில் செருகிவிடுவர். மின்சாரம் ஓடுகையில் கனெக்டரைக் கழற்றுதலும் தகாது. சுருளின் மின்னோட்டம் திடீரென அறுபடுங்கால் எழும் மிகை வோல்ட் டிரைவரை எரித்துவிடும்.

வடத்தை மாற்றியபின் இரண்டாம் பலகை பிழையின்றி முடிந்தது. புள்ளி தன் எழுத்தின்மேல் நின்றது. விலையுயர்ந்த மோட்டாரை ஆராய்ந்து வாங்கிய யாம், அதனைப் பிணிக்கும் வடத்தை ஆராயாது விட்டதே எம் பிழை. இதனைப் பயிலும் அன்பர் அப்பிழையைத் தவிர்ப்பாராயின், பாழான தேக்குப்பலகையும் பயன்பட்டதாகும்.