பாடம்: சிறிய பட்டறையில் உருக்கு உளி செய்தல்

வீடு திருத்தவும் கதவு, யன்னல் பூட்டவும் நல்ல உளி தேவை. லொறியின் பழைய ஸ்பிறிங் தகட்டிலிருந்து அதை நீங்களே செய்துகொள்ளலாம். உலை, சுத்தியல், அரம், காந்தம் ஆகியன போதும்.

முதலில் கவனிக்க வேண்டியது

இரும்பை வாகனத் திருத்தகத்தில் மட்டும் வாங்குங்கள். காணியிலோ பற்றையிலோ கிடக்கும் இரும்பை எடுக்கவோ, தட்டவோ, நெருப்பில் இடவோ வேண்டாம். துருப்பிடித்த எறிகணையும் வெடிக்கும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

1. இளக்குதல்

ஸ்பிறிங் தகடு கடினமானது. அதில் அரம் இலகுவில் பிடிக்காது. ஆகவே வெடிப்பில்லாத துண்டொன்றைச் செந்நிறமாகும்வரை காய்ச்சி, உலர்ந்த உமிச் சாம்பலுக்குள் புதைத்து, மறுநாள் எடுங்கள். மெதுவாக ஆறினால்தான் உருக்கு இளகும்.

2. வடிவமைத்தல்

இப்போது அரத்தால் அராவலாம், துளையிடலாம். துளையிடும்போது வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விடுங்கள். வாயை இப்போதே மெல்லிதாக்க வேண்டாம். மெல்லிய வாய் அடுத்த படியில் வெடிக்கலாம்.

3. கடினமாக்குதல்

வாய்ப்பக்கம் இரண்டு அங்குலத்தை மட்டும் காய்ச்சுங்கள். காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் இன்னும் சற்றுச் சூடேற்றி, இளஞ்சூடான தேங்காய் எண்ணெயில் உடனே தோய்த்து அசையுங்கள். தண்ணீரில் தோய்த்தால் இவ்வகை உருக்கு வெடிக்கக்கூடும். எண்ணெய் தீப்பற்றலாம், ஆகவே இரும்புப் பாத்திரமும் மூடியும் மணலும் அருகில் இருக்கட்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தலைப்பக்கம் கடினமானால் சுத்தியலடியில் சிதறும். அதனை மென்மையாகவே விடுங்கள்.

ஆறியபின் வாயில் அரத்தை வையுங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் வேலை சரி.

4. தோய்ச்சல் பதம்

இந்த நிலையில் உளி கண்ணாடிபோல உடையும். எனவே தாமதியாது வாயைப் பளபளக்கத் தேய்த்து, பின்பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடேற்றுங்கள். நிழலில் நின்று நிறத்தைக் கவனியுங்கள். முதலில் வைக்கோல் மஞ்சள், பின் கபிலம், ஊதா, நீலம் என வாயை நோக்கி நிறம் நகரும். மரஉளிக்கு வாய் கபிலமானதும் (ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ்) தண்ணீரில் தோயுங்கள். இரும்பு வெட்டும் உளிக்கு ஊதாவரை விடலாம். நிறம் கடந்துவிட்டால் படி 3 இலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

5. தீட்டுதல்

சாணைக்கல்லில் தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். வாய் நீலமானால் கடினம் போய்விட்டது என்பது பொருள்.

பாதுகாப்பு: கண்ணாடி, மூடிய சப்பாத்து, பருத்தி உடுப்பு அணியுங்கள். நைலோன் உடுப்பு உருகித் தோலில் ஒட்டும்.

மீட்டல்

1. உமிச் சாம்பலில் புதைப்பது ஏன்?
2. உளியின் தலையைக் கடினமாக்காதது ஏன்?
3. காணியில் இரும்புத் துண்டொன்றைக் கண்டால் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.