காற்றின் திசையும் உம்மும்மாவின் திகதியும்

2020இல் எங்கள் உம்மும்மாவுக்குப் பித்தப்பைக் கல் அகற்றத் திகதி குறித்திருந்தார்கள். கொவிட்-19 வந்ததும் அது பிற்போடப்பட்டது. எப்போது வரை என்று யாரும் சொல்லவில்லை. உம்மா கோபப்பட்டார், நானும்தான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகே, தொற்றுள்ள ஒருவரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டுபோவது எத்தனை சிக்கலானது என்று தேடி வாசித்தேன்.

முதலில் காற்று. வழமையான சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, அமுக்கத்தை வெளியிலுள்ளதைவிடச் சற்றுக் கூட்டி வைப்பார்கள். கதவைத் திறந்தால் காற்று வெளியேதான் பாயும். தூசும் கிருமியும் உள்ளே புகுந்து காயத்தில் படிவது குறையும். ஆனால் நோயாளியின் மூச்சிலேயே வைரசு இருந்தால்? அதே காற்று அதை நடைபாதைக்குத் தள்ளிவிடும். மயக்கமருந்து கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் வேளையில் அருகில் நிற்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வைத்தியசாலை கண்ட வழி என்னை வியக்கவைத்தது. கூடங்களின் ஒரு மூலையில், தனி வாசலுள்ள அறைத்தொகுதியைக் கொவிட் நோயாளிகளுக்கென்றே ஒதுக்கினார்கள். முன்னறையிலும் மயக்கமருந்து கொடுக்கும் அறையிலும் மட்டும் அமுக்கம் குறைவு. சத்திரசிகிச்சை அறையில் வழமைபோல் கூட. காயமும் காக்கப்பட்டது, வெளியே நிற்பவர்களும் காக்கப்பட்டார்கள்.

நடமாட்டமும் மாறியது. நோயாளி வரும் பாதையையும் மின்தூக்கியையும் காவலர்கள் முன்கூட்டியே வெறுமையாக்கினர். இடையில் மருந்து தேவைப்பட்டால், வெளியே நிற்கும் ஒருவர் தள்ளுவண்டியில் வைத்து முன்னறையில் விட்டுச் செல்வார். சத்திரசிகிச்சை முடிந்த நோயாளி பொது அறைக்குப் போகாமல் அங்கேயே தெளிவார். அடுத்தவரை எடுக்குமுன் சுத்திகரிப்புக்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம்.

அந்த ஒரு மணித்தியாலத்தை வாசித்தபோதுதான், திகதிகள் எப்படிக் காணாமற் போகும் என்று எனக்கு விளங்கியது.

இன்னொரு காரணமும் இருந்தது. 24 நாடுகளில், சத்திரசிகிச்சையை ஒட்டிய நாட்களில் தொற்று உறுதியான 1128 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 30 நாட்களுக்குள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இறந்திருந்தார். காத்திருக்கக் கூடியவர்களைக் காத்திருக்கச் செய்யுமாறு ஆய்வாளர்கள் கேட்டது அதனால்தான்.

உம்மும்மாவுக்கு அடுத்த வருடம் சத்திரசிகிச்சை நடந்தது. வாசித்ததையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத அண்டைக்கே ஒராள் சொல்லியிருந்தா நான் கோவிச்சிருப்பேனா மகள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.